‘நடமாடினார்’ என்று எழுதும் முன் எண்ணிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவுத் தலைவர்களுக்கும், வார்டுப் பொறுப்பு சிஸ்டர்களுக்கும், பிசியோதெரபிஸ்டுகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் நர்ஸாகப் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை அறுவை சிகிச்சை வார்டுகளில் கழித்து, இப்போது சாட்ஸ்வொர்த்தில் ஓய்வில் இருப்பவள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது. வயிற்றிலோ மார்பிலோ இடுப்பிலோ பெரிய அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பும் நோயாளி, அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும் நாள்வரை தினமும் எவ்வளவு நடந்தார் என்பதை, காலடிகளை எண்ணும் பட்டையான நடையளவியை உடலில் கட்டி எண்ணுங்கள். அந்த எண்ணைக் காலையில் பார்ப்பதற்கும், அது குறைந்திருந்தால் கட்டிலருகே போய் ஏன் என்று கேட்பதற்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். பார்ப்பதற்கு ஆள் வைக்காமல் கருவியை மட்டும் வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்தில் வார்டுக்கு இன்னும் இரண்டு வாக்கர் வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், இந்தப் பட்டையைக் காலில் கட்டிக்கொள்ளப் போகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்களும், அவர்களுக்குப் படித்துக் காட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதே. அவர்கள் சார்பில் ஒன்று கேட்கும்போது அவர்களுக்குத் தெரியாமல் கேட்பது முறையாக எனக்குப் படவில்லை.

என் கணவருக்கு வயது 71. அவருக்குச் சென்ற ஆண்டு பெருங்குடலில் அறுவை சிகிச்சை நடந்தது. எந்த மருத்துவமனை என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. எந்த மருத்துவமனையிலும் அது நடந்திருக்கும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் நான். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவருடைய சார்ட்டில் ‘மொபிலைஸ்டு’, அதாவது நடமாடினார், என்று எழுதியிருந்தது. பழைய பழக்கத்தில் புதன்கிழமை மாலை அந்தச் சார்ட்டை எடுத்துப் படித்துவிட்டு, அவருடைய துண்டை எடுப்பதற்காகக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அவர் நடப்பதற்கென்று நான் புதிதாக வாங்கிக் கொடுத்திருந்த ரப்பர் செருப்பு, கடைக்காரர் கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பையில் அப்படியே முடிச்சு அவிழாமல் கிடந்தது. “நடந்தீர்களா?” என்று கேட்டேன். “நாற்காலிக்கு இறக்கி உட்கார வைத்தார்கள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஏறிப் படுத்துவிட்டேன்” என்றார். இரண்டு நாளும் அவ்வளவுதான்.

எழுதிய சிஸ்டர் பொய் எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் நடமாட்டம்தான், கழிவறை வரை போனதும் நடமாட்டம்தான், தாழ்வாரத்தின் கடைசிவரை மூன்று முறை போய் வந்ததும் நடமாட்டம்தான். எல்லாவற்றுக்கும் சார்ட்டில் இருப்பது ஒரே சொல். நானும் அந்தச் சொல்லை ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். இரவுப் பணியில் 30 நோயாளிகளுக்கு இரண்டு பேராக நின்ற நாட்களில், ஐந்தாம் கட்டில் எழுந்தாரா என்று உடன் பணியாற்றியவரைக் கேட்டு, அவர் தலையசைத்ததை வைத்து எழுதியிருக்கிறேன். அந்தத் தலையசைப்புக்குப் பின்னால் எத்தனை காலடிகள் இருந்தன என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன் என்றால், கட்டிலில் கிடந்தது என் வீட்டுக்காரர் என்பதால்தான் என்று நீங்கள் நினைக்கலாம். அது உண்மைதான், அதற்காக நான் வருந்தவும் செய்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியை எழுப்பி நடக்க வைப்பது ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படிக்கப் போகும் குடும்பத்தாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தங்கும், அதில் கிருமி சேரும். கால் நாளங்களில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தசை கரைவதன் வேகம் பலருக்குத் தெரியாது. 2007ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் ஏதுமில்லாத, சராசரி வயது 67 ஆன முதியவர்களை 10 நாட்கள் படுக்கையில் வைத்திருந்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோனது. நோயும் கத்தியும் பட்டினியும் சேர்ந்த உடம்பு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளை விரைவில் சாப்பிட வைத்து, விரைவில் எழுப்பி நடக்கவிட்டுச் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார். அன்றிலிருந்து உலகெங்கும் இதுவே நெறியாகிவிட்டது. நம் வார்டுச் சுவர்களிலும் அந்த நெறி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் உள்ள மருந்துக்கு மில்லிகிராம் இருக்கிறது, தண்ணீருக்கு மில்லிலிட்டர் இருக்கிறது, வலிக்குக்கூடப் பத்துக்கு எத்தனை என்று கேட்கிறோம். நடைக்கு மட்டும் அளவில்லை.

அளவு வைக்க முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2013ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 வயதைக் கடந்த 149 பேருக்குக் கடையில் விற்கும் சாதாரண ஃபிட்பிட் கருவியைக் கட்டிக் காலடிகளை எண்ணினார்கள். முதல் சில நாட்களின் காலடிக் கணக்குக்கும், அவர்கள் எத்தனை நாள் மருத்துவமனையில் தங்கினார்கள், நேரே வீட்டுக்குப் போனார்களா அல்லது பராமரிப்பு இல்லத்துக்குப் போனார்களா என்பதற்கும் தெளிவான தொடர்பு இருந்தது. 2019ல் லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. பெரிய அறுவை சிகிச்சைகளில் எட்டு வகையை எடுத்துக்கொண்டு 100 நோயாளிகளைக் கவனித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் பூஜ்யத்திலிருந்து 1,000 காலடிவரை எண்ணிக்கை கூடக்கூட, வழக்கத்தைவிட நீண்ட நாள் தங்க நேரும் வாய்ப்பு குறைந்துகொண்டே வந்தது. 1,000க்கு மேல் நடந்ததால் அது மேலும் குறையவில்லை. அதே ஆய்வில், வார்டுப் பணியாளர்கள் சார்ட்டில் எழுதியதைக் கருவி எண்ணியதோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஓரளவுக்குத்தான் பொருந்தின என்றும் சொன்னார்கள். அதைப் படித்தபோது பிளாஸ்டிக் பைக்குள் இருந்த செருப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இதில் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அதிகம் நடந்தவர்கள் விரைவில் வீட்டுக்குப் போனார்கள் என்பதால், நடந்ததால்தான் போனார்கள் என்று ஆகிவிடாது. நலமாக இருப்பவர் நடப்பார். உள்ளே ஏதோ கோளாறு இருப்பவர் படுத்திருப்பார். என் பார்வையில் இதுவே கருவியின் முதல் பயன். நேற்று 600 காலடி வைத்தவர் இன்று 150 வைத்தால், காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே உடம்பு ஒரு செய்தி சொல்கிறது. தையல் போட்ட குடல் கசிகிறதா, மார்பில் சளியா, வலி மருந்து போதவில்லையா, அல்லது இரவெல்லாம் தூங்காமல் மகனை நினைத்து அழுதுகொண்டிருந்தாரா என்று போய்ப் பார்க்கச் சொல்லும் செய்தி அது. அந்த எண் எந்த நோயையும் கண்டுபிடித்துச் சொல்லாது. யாரிடம் முதலில் போக வேண்டும் என்று சொல்லும். 30 கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கும் வார்டில் அது சிறிய உதவியல்ல.

இனி, எங்கே கட்டுவது என்ற செய்தி. வியாழக்கிழமை காலை என் பேரன் தன் கைக்கடிகாரம் போன்ற பட்டையையும், பழைய பட்டை ஒன்றையும் கொண்டுவந்தான். ஒன்றை என் கணவரின் மணிக்கட்டில் கட்டினோம், மற்றதைக் கணுக்காலில், காலுறைக்கு மேலே, மைக்ரோபோர் டேப் போட்டு ஒட்டினோம். அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். நான் பக்கத்தில் நடந்துகொண்டே ஒவ்வொரு காலடியையும் வாய்விட்டு எண்ணினேன்: 62. கணுக்கால் பட்டை 57 என்று காட்டியது. மணிக்கட்டுப் பட்டை 9 என்று காட்டியது. பேரன் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தான், கருவி கெட்டுப்போகவில்லை. கருவிக்குள் இருக்கும் உணரி கை வீசும் அசைவையும், குதிகால் தரையில் படும் அதிர்வையும் கொண்டுதான் காலடியை அடையாளம் காண்கிறது. வாக்கரை இறுகப் பிடித்த கை அசைவதில்லை. தையல் வலிக்கு அஞ்சிப் பாதத்தைத் தேய்த்து நடப்பவரின் காலில் அதிர்வு இல்லை. பூங்காவில் ஓடுகிறவர்களுக்காகச் செய்த கருவி, வாக்கரோடு நகர்கிற முதியவர் நடக்கவேயில்லை என்று எழுதிவிடும். நர்ஸ் ஒருவர் ‘மொபிலைஸ்டு’ என்று கூட்டி எழுதியது ஒரு பிழை என்றால், கருவி ஒன்று குறைத்து எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. எண்ணாக இருப்பதால் அதை எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆகவே எந்தக் கருவியை வாங்குவதானாலும், வாக்கர் பிடித்து மெதுவாக நடக்கும் நோயாளி ஒருவருக்குக் கட்டி, கூடவே நடந்து, வாயால் எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விற்பனையாளர் கொடுக்கும் வண்ணத் தாளைவிட அந்த ஐந்து நிமிடம் நம்பத்தக்கது.

கணுக்கால்தான் நல்லது என்று நான் சொன்னாலும், எல்லோருக்கும் அது ஆகாது. நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. காலில் உணர்ச்சி மரத்துப்போனவருக்குக் கணுக்காலில் பட்டையை இறுக்கிக் கட்டினால், புண்ணாகும்வரை அவருக்குத் தெரியாது. அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வார்டில் கால் விரல் எடுத்தவர்களையும், பாதம் எடுத்தவர்களையும் பார்த்த எவரும் அறிவர். அவர்களுக்கு இடுப்பில் கிளிப்போடு மாட்டலாம். தொடையில் ஒட்டும் வகையும் இருக்கிறது, அது படுத்திருப்பதையும் நிற்பதையும் பிரித்துச் சொல்வதால், இன்னும் நடக்க முடியாத முதியவருக்கு அதுவே பொருத்தம். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (இரத்த நாளங்களை இணைத்த இணைப்பு) வைத்தவருக்கு அந்தக் கையில் எதையும் கட்டக்கூடாது, இரத்த அழுத்தப் பட்டையைக்கூட அங்கே போடுவதில்லை; புதிதாக வரும் பணியாளருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். துணிப் பட்டை வேண்டாம். துடைத்துக் கிருமி நீக்கக்கூடிய சிலிக்கான் பட்டை அல்லது ஒரு நோயாளிக்கு ஒன்று என்று எறிந்துவிடக்கூடிய பட்டை போதும். எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பும் முன் கழற்ற வேண்டிய பொருட்களின் பட்டியலில் இதையும் சேருங்கள். தைப்பூசக் காவடிக்காக விரதமிருந்து மணிக்கட்டில் காப்புக் கட்டியவர்கள் சில நேரம் அவசர அறுவை சிகிச்சைக்கு வருவார்கள்; அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு அங்கே ரப்பர் பட்டையைக் கட்டப் போனால் கருவியின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். கேட்டுவிட்டு வேறிடத்தில் கட்டுங்கள்.

சில கருவிகள் தோலின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பையும், சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் காட்டுகின்றன. விலை கூடிய அந்த வசதிகளில் மயங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2020ல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே கறுப்பினத்தவரிடம் மறைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிட்டது தெரியவந்தது. நம் குவாசூலு-நடால் மாகாண வார்டுகளில் படுத்திருப்பவர்களின் தோல் நிறத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலடி எண்ணுவதற்கு ஒளி தேவையில்லை. அசைவு எல்லாத் தோலுக்கும் ஒன்றுதான். எளிய கருவியே நமக்கு நேர்மையான கருவி. நாணய வடிவ பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் வகை கிடைக்கிறது. மின்வெட்டுக் காலத்தை நாம் எல்லோரும் பட்டறிந்திருக்கிறோம், வார்டின் கடைசிப் பிளக்கில் வென்டிலேட்டரும் நடையளவியும் போட்டியிட வேண்டாம்.

யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். மடலின் மையம் இதுதான். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் புரூஸ் பிக்கார்ட் தலைமையில் 25 ஆப்பிரிக்க நாடுகளின் 247 மருத்துவமனைகளில் 11,422 நோயாளிகளைக் கணக்கெடுத்த ஆய்வு 2018ல் வெளியானது. உங்களில் பலர் அதைப் படித்திருப்பீர்கள். சிலருடைய வார்டுகளும் அதில் இருந்திருக்கலாம். நம் கண்டத்து நோயாளிகள் உலகின் பிற இடத்தவரைவிட இளையவர்கள், நோய்ச்சுமையும் குறைந்தவர்கள். ஆயினும் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தோர் விகிதம் 2.1 சதவீதம், உலகச் சராசரியைப் போல் இரு மடங்கு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்தது அறுவை சிகிச்சை அரங்கில் அல்ல. பின்வந்த நாட்களில், வார்டில். நாங்கள் நின்றிருந்த வார்டில்.

அதே குழுவினர் அடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆபத்து அதிகமுள்ள நோயாளியை அடிக்கடி பார்ப்பது, நர்ஸ் மேசையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கட்டிலுக்கு மாற்றுவது, குடும்பத்தார் ஒருவரை உடனிருக்க விடுவது, கட்டிலருகே வழிகாட்டித் தாள் வைப்பது என்று கண்காணிப்பைக் கூட்டி, 332 மருத்துவமனைகளில் ஒப்பிட்டார்கள். 2021ல் வந்த முடிவு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கண்காணிப்பைக் கூட்டச் சொன்ன மருத்துவமனைகளிலும் இறப்பு குறையவில்லை. ஒன்றும் பயனில்லை என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. கூடுதலாகப் பார் என்று சொன்னால் போதாது. பார்ப்பதற்கு ஆளும், பார்த்ததன்மேல் உடனே செய்வதற்கு ஒரு செயலும், அழைத்தால் வருகிற மருத்துவரும் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். நடையளவியும் கண்காணிப்புத்தான். அதை வாங்கிக் கட்டிவிட்டு, எண்களைக் கணினியில் சேர்த்துவைத்து, ஆறு மாதம் கழித்து ஒருவர் வரைபடம் போட்டுக் கூட்டத்தில் காட்டுவார் என்றால், நடுவில் காய்ச்சல் கண்டவருக்கு அதனால் என்ன ஆயிற்று?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை முழுவதும் அவர் வைத்த காலடிகள் 131. வெள்ளிக்கிழமை பிற்பகல்வரை 20 தான். யாரிடம் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. ஓய்வுபெற்ற சிஸ்டருக்கே தெரியவில்லையென்றால் மற்றக் குடும்பங்கள் என்ன செய்யும்? அந்த ஆண்டுதான் படிப்பை முடித்துக் கட்டாய சமூக சேவைக்கு வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தாள். சிறு பெண், ஜூலு பேசுகிறவள். அவளிடம் காலில் இருந்த பட்டையைக் காட்டி இரண்டு எண்களையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, போகட்டும் என்று விடவும் இல்லை. மார்பில் கேட்டாள், மூச்சை எண்ணினாள், நேரே போய் மருத்துவரை அழைத்து வந்தாள். இரவு காய்ச்சல் வந்தபோது மருந்து ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. நுரையீரல் தொற்று என்றார்கள். மேலும் ஒன்பது நாட்கள் இருக்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாள் நடந்திருந்தால் அது வந்தேயிருக்காது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் 40 ஆண்டுகள் புகை பிடித்தவர். ஆனால் அந்தப் பெண் எண்ணைக் கேட்டதும் உடனே வந்து பார்த்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஒவ்வொரு மாலையும் அன்றைய எண்ணைத் தடித்த பேனாவால் எழுதிவிட்டுப் போவாள். பெரிய எழுத்து, கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். மூன்றாம் நாள் என் கணவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தனை?” என்பதுதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜூலு முதியவரும் தனக்கொரு தாள் கேட்டார். அவருக்குக் கருவி இல்லை. ஜன்னல்வரை போய் வந்த தடவைகளைக் கோடு போட்டு எழுதினாள். இப்படிப்பட்ட வார்டுகளில் தமிழ்க் கிழவியும் ஜூலு நர்ஸும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமல் சைகையில் காலம் தள்ளுவதை நெடுங்காலம் பார்த்தவள் நான். “ஹம்பா, மா” (நடங்கள், அம்மா) என்று நர்ஸ் ஜூலுவில் சொல்வாள்; ஆயாவும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். தாளில் எழுதிய 214 என்ற எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அந்த வார்டில் அதைச் செய்தது ஒரு தனிமனுஷியின் அக்கறை. கட்டாய சேவை ஓராண்டில் முடிந்துவிடும்; அவள் இப்போது வேறெங்கோ இருக்கிறாள். அவள் போனபின்பும் நிற்கும்படி இது வார்டின் வழக்கமாக வேண்டும். காலைப் பணி மாற்றத்தில் நாடி, அழுத்தம், சிறுநீர் அளவு என்று ஒப்புவிக்கும்போது நேற்றைய காலடியையும் ஒப்புவியுங்கள். முன்தினத்தில் பாதிக்குக் கீழே போனவர் யாரோ அவரை அன்று பகலுக்குள் ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும் என்று எழுதிவையுங்கள். அந்தப் பாதி என்ற அளவு என் அனுபவத்தில் தோன்றுவது; உங்கள் வார்டுக்கு எது சரி என்பதை மூன்று மாதம் பார்த்துவிட்டு நீங்கள் தீர்மானிக்கலாம்.

எண்ணைத் தவறாகப் பயன்படுத்தும் வழிகளும் எனக்குத் தெரியும். தாளில் எண் ஏற வேண்டும் என்பதற்காக, யாரும் இல்லாத நேரத்தில் நோயாளி தானே எழுந்து, டிரிப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து விழுந்துவிட்டால் இடுப்பெலும்பு முறியும். முதுகில் எபிடியூரல் (வலி மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) உள்ளவருக்குக் கால் மடியலாம். எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஆகவே துணையின்றி நடக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லும்வரை எண்ணைத் தாளில் ஒட்ட வேண்டாம், பணியாளர் மட்டும் பார்க்கட்டும். கட்டிலுக்குக் கட்டில் எண்ணை ஒப்பிட்டுப் பேச வேண்டாம். 80 வயது ஆயாவின் 90 காலடி, 40 வயது மகனின் ஆயிரத்துக்குச் சமம். கட்டில் தட்டுப்பாடு உள்ள நாளில், 1,000 எட்டிவிட்டாரே, அனுப்பிவிடுவோம் என்ற பேச்சும் எழும். அது வேண்டவே வேண்டாம். எண் குறைந்ததற்கு நர்ஸைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும் கருவியாகவும் இதை ஆக்கிவிடாதீர்கள். அப்படி ஆனால், பட்டையை எடுத்துக் கையால் ஆட்டி எண்ணைக் கூட்டிவிடும் நாள் வரும். பணிச்சுமையில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இந்த நாட்டில் காலடி எண்ணுவது புதிதல்ல. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கையில் பட்டை கட்டி நடந்து புள்ளிகள் சேர்த்துச் சலுகை பெறுவதை எல்லோரும் அறிவர். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அத்தகைய காப்பீடு ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. மற்ற ஐவர் அரசு வார்டுகளில் படுத்திருக்கிறார்கள். நலமாக இருப்பவரின் நடையை எண்ணும் நாட்டில், நலம் குன்றியவரின் நடையை யாரும் எண்ணுவதில்லை. காப்பீட்டோடு தொடர்புபடுத்திப் பழகிய காரணத்தால் மக்களுக்கு ஓர் ஐயமும் உண்டு: இந்த எண் யாரிடம் போகும்? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013லேயே இயற்றப்பட்டு, 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; உடல்நலத் தகவலை அது தனிக்கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. நோயாளியின் ஒப்புதலை அவருக்குப் புரியும் மொழியில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எண்ணை வெளிநாட்டு நிறுவனத்தின் செயலியில் அவர் பெயரோடு ஏற்றாதீர்கள். கட்டில் எண் எழுதிய வார்டுப் பட்டையும், காகிதச் சார்ட்டில் ஒரு வரியும் போதும். வீட்டுக்குப் போகும்போது பட்டையைத் துடைத்துப் பழைய எண்ணை அழித்து அடுத்தவருக்குக் கட்டலாம்.

வீட்டுக்குப் போனபின்பு என்ன என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்பது என் எண்ணம். சாட்ஸ்வொர்த்தின் மாடி வீடுகளில் ஏறி இறங்கும் படிகளும், ஊருக்கு மினிபஸ் டாக்ஸியில் இரண்டு மணி நேரம் போகும் நோயாளியின் போன் டேட்டாவும் வேறு கணக்கு. வார்டில் நான்கு சுவருக்குள் எண்ணைப் பார்த்து எழுந்து போகக் கற்றுக்கொண்ட பின்பு, வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

ஒரே ஒரு வார்டில் தொடங்குங்கள். பத்துக் கருவிகள், ஒரு பெட்டி டேப், பொறுப்பேற்கும் ஒருவர், மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வாரத்தில் இரண்டு காலை நான் சம்பளமின்றி வந்து, பட்டை கட்டவும், வாக்கருடன் நடப்பவரோடு நடந்து வாயால் எண்ணிக் கருவியைச் சரிபார்க்கவும், தமிழ் பேசும் முதியவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன். என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற இன்னும் மூன்று சிஸ்டர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஜூலு நன்றாகப் பேசுவார்கள். எந்த வார்டு, எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை வார்டு சிஸ்டர் ஒருவர்
சாட்ஸ்வொர்த், டர்பன்